கல்லீரலில் கட்டி: ஒரு ஃபேஸ் சிடியா, ட்ரிபிள் ஃபேஸா, எம்ஆர்ஐயா?

வயிற்று அல்ட்ரா சவுண்ட் ரிப்போர்ட்டின் கடைசியில், "கல்லீரல் வலது பகுதியில் எஸ்ஓஎல், சிஇசிடி எடுத்துப் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கும். எஸ்ஓஎல் என்றால் இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று தெரிகிறது, சிஇசிடி என்றால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி. அதற்கு மேல் அதில் செய்தி கிடையாது. நீர்க்கட்டியையும் அப்படித்தான் எழுதுவார்கள், புற்றுக்கட்டியையும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் வீட்டில் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. மறுநாள் மதுரையில் கோரிப்பாளையம், பனகல் சாலைப் பக்கம் நாலு சென்டரில் விசாரித்தால் நாலு பதில். ஒருவர் சாதா கான்ட்ராஸ்ட், அதாவது மருந்து ஏற்றி ஒரே ஒரு தடவை (ஒரு ஃபேஸ்) எடுக்கும் படம் போதும் என்பார். அடுத்தவர் ட்ரிபிள் ஃபேஸ், அதாவது ஒரே ஊசியில் வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை எடுக்க வேண்டும் என்பார். இன்னொருவர் "எதுக்கு ரெண்டு செலவு, எம்ஆர்ஐயே எடுத்துருங்க" என்பார்.

மெஷின் ஒரே சுற்றில் எத்தனை வெட்டுப் படம் எடுக்கும் என்ற ஸ்லைஸ் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டு, விளம்பரப் பலகைகள் குழப்பத்தைக் கூட்டுகின்றன. கவுன்ட்டரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணே, அறுபத்தி நாலு ஸ்லைஸ்ல எடுப்பீகளா, நூத்தி இருபத்தெட்டுலயா?"

"அது கெடக்கட்டும்ணே. டாக்டர் சீட்டுல எத்தனை ஃபேஸ்னு எழுதியிருக்காரு, அதக் காட்டுங்க."

சிடி அறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கல்லீரலைப் பொறுத்தவரை மெஷினை விட நேரம் முக்கியம். மருந்து ஏற்றி எத்தனையாவது நொடியில் படம் பிடித்தார்கள் என்பதுதான் ரிப்போர்ட்டில் தெளிவான பதில் வருமா, "மேலும் பரிசோதனை தேவை" என்று வருமா என்பதை முடிவு செய்கிறது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

டாக்டர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பது முதல் விஷயம். கட்டி இருக்கிறதா என்று கேட்பது வேறு, இருக்கும் கட்டி எந்த வகை என்று கேட்பது வேறு, வெட்டி எடுக்க முடியுமா என்று கேட்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே ஸ்கேன் பதில் சொல்லாது.

அடுத்தது கல்லீரலின் நிலை. நல்ல கல்லீரலில் தற்செயலாகத் தெரிந்த புள்ளியும், சிரோசிஸ் வந்து, அதாவது தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலிலோ ஹெபடைடிஸ் பி உள்ளவரின் கல்லீரலிலோ தெரியும் புள்ளியும் ஒன்றல்ல. இரண்டாவது வகையினருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கால் வைக்கும் முதல் இடமே சரியாக இருக்க வேண்டும்.

பிறகு கிட்னி, அதாவது அது எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவு. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த ஊர் இது, இதை விட முடியாது. அதோடு வயது, இதற்கு முன் எத்தனை சிடி எடுத்திருக்கிறார் என்பது, பதினைந்து இருபது நொடி மூச்சை அடக்க முடியுமா என்பது. கடைசியாகப் பணம். போர்டில் போட்டிருக்கும் விலையை நான் சொல்லவில்லை, எல்லாம் முடிந்து வெளியே வரும்போது கையை விட்டுப் போன மொத்தத் தொகையைச் சொல்கிறேன்.

## நொடிக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்

பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி வழியாக மட்டும் ரத்தம் வருகிறது. கல்லீரலுக்கு இரண்டு வழி. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு ஹெபாட்டிக் தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டி மட்டும் தமனி ரத்தத்தையே பெரும்பாலும் குடித்து வளர்கிறது. ஆகவே கையில் ஏற்றிய அயோடின் மருந்து முதலில் தமனி வழியாக வரும்போது, சுமார் 35 முதல் 40 நொடியில், கட்டி பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள கல்லீரல் மங்கலாக இருக்கும். 70 நொடி வாக்கில் போர்ட்டல் சிரை வழியாக மருந்து வந்து கல்லீரல் முழுக்க வெளுக்கும். அப்போது பல கட்டிகள் கல்லீரலோடு கலந்து மறைந்துவிடும், அல்லது கறுத்துத் தெரியும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு படம் எடுத்தால், கட்டியிலிருந்து மருந்து வடிந்துபோய்க் கறுப்பது தெளிவாகும். முதலில் வெளுத்துப் பிறகு கறுக்கும் இந்த நடத்தைதான் அடையாளம்.

இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தாலும் செய்ய வழியில்லாமல் இருந்தது. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி மெஷினில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தபோது ஒவ்வொரு வெட்டுக்கும் நிமிடக் கணக்கில் ஆனது. அசைந்துகொண்டே இருக்கும் வயிற்றுக்கு அது ஒத்துவராது. வயிற்றுக்கென மெஷின் வந்து, ஒரு வெட்டுக்குச் சில நொடிகள் என்று குறைந்த பிறகும், ஒரு படம், மேசை நகரும், மறுபடி மூச்சு, மறுபடி ஒரு படம் என்று கல்லீரலை முடிக்கச் சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பரவிவிடும். கட்டியும் கல்லீரலும் ஒரே சாம்பல் நிறம். கட்டி இருக்கும், படத்தில் இருக்காது.

எண்பதுகளில் இதற்குச் சுற்று வழிகள் கண்டார்கள். தொடையிலிருந்து கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றி, குடலுக்குப் போகும் தமனியில் மருந்தைச் செலுத்தி, அது குடலைச் சுற்றிப் போர்ட்டல் சிரைக்கு வரும்போது படம் எடுத்தார்கள். கல்லீரல் வெளுக்கும், கட்டி கறுப்பாகத் தனித்துத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் எத்தனை கட்டி என்று எண்ணுவதற்கு நல்ல முறைதான், ஆனால் ஒரு படத்துக்காக ஆஞ்சியோ செய்வது யாருக்குச் சுகம்? கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த லிப்பியோடாலைக் கல்லீரல் தமனியில் செலுத்தி, சில வாரம் கழித்து அது எங்கே தங்கியிருக்கிறது என்று சிடியில் பார்க்கும் முறையும் இருந்தது. கண்டுபிடிப்பதற்கு இன்று அதைப் பயன்படுத்துவது அரிது, தமனி வழியாகக் கட்டிக்கு மருந்து கொடுக்கும் சிகிச்சையில் அந்த எண்ணெய் இன்னும் இருக்கிறது.

1989 வாக்கில் ஸ்பைரல் சிடி வந்ததும் கதை மாறியது. மேசை நிற்காமல் நகர, எக்ஸ்ரே குழாய் நிற்காமல் சுழல, ஒரே மூச்சில் முழுக் கல்லீரலும் முடிந்தது. 1998இல் நாலு ஸ்லைஸ் மெஷின்கள், 2004இல் 64 ஸ்லைஸ். அரை நிமிடம் பிடித்த வேலை சில நொடியில் முடிய, ஒரே ஊசியில் மூன்று தடவை எடுக்க முடிந்தது. ட்ரிபிள் ஃபேஸ் என்று இன்று எளிதாகச் சொல்கிறோமே, அது பிறந்த வழி இதுதான்.

## மருந்து இல்லாத சிடி

பலர் பயத்தில் கேட்பது இதைத்தான்: "ஊசி போடாம சும்மா ஒண்ணு எடுத்துருங்க." கட்டி என்ன வகை என்று கேட்கும் இடத்தில் இதில் காசும் நஷ்டம், கதிர்வீச்சும் வீணாக ஏறும். கால்சியம், ரத்தக்கசிவு, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். கல்லீரல் கொழுப்புக்காக மட்டும் என்றால் சிடியே தேவையில்லை, அல்ட்ரா சவுண்டும், கல்லீரலின் கொழுப்பையும் விறைப்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் போதும். கிட்னி முற்றிலும் கெட்டு, எம்ஆர்ஐக்கும் வழியில்லாதவர்களுக்கு வேறு கதி இல்லாமல் எடுப்பது உண்டு.

## ஒரு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் சிடி

இதுதான் "சாதா கான்ட்ராஸ்ட்". 70 நொடி வாக்கில் வயிறு முழுக்க ஒரு தடவை. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். குடலிலோ மார்பகத்திலோ புற்றுநோய் இருப்பவருக்குக் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, பெரும்பாலும் இந்த ஒரு படமே போதும். குடலிலிருந்து பரவும் கட்டிகள் வெளுத்த கல்லீரலில் கறுப்பாக நன்றாகவே தெரியும். சீழ்க்கட்டிக்கும், அடிபட்டு வந்தவருக்கும், காரணம் தெரியாத வயிற்று வலிக்கும் இது சரியானது. கதிர் ஒரு பங்கு, நேரம் குறைவு, விலையும் குறைவு.

சிரோசிஸ் உள்ளவருக்குக் கட்டியின் வகை தெரிய வேண்டும் என்றால் இது ஏமாற்றும். வெளியூரில் ஒரு ஃபேஸ் எடுத்து வாங்கிவந்த ஃபிலிமை இங்கே கல்லீரல் டாக்டர் ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி ட்ரிபிள் ஃபேஸ் எழுதிக் கொடுப்பது வாடிக்கையாக நடக்கிறது. மிச்சம் பிடித்ததாக நினைத்தவர் இரண்டு கட்டணம் கட்டுகிறார், இரண்டு தடவை மருந்து ஏற்றிக்கொள்கிறார்.

## ட்ரிபிள் ஃபேஸ் சிடி

சிரோசிஸ், ஹெபடைடிஸ் பி உள்ளவரின் அல்ட்ரா சவுண்டில் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ புதிதாகக் கட்டி தெரிந்தால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் (அல்லது எம்ஆர்ஐயை). தமனி நேரத்தில் வெளுத்து, பிறகு கறுக்கும் அடையாளம் ஒழுங்காகத் தெரிந்துவிட்டால், இவர்களுக்கு ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்றுநோய் என்று முடிவு சொல்லலாம். உலகம் முழுக்க ரேடியாலஜி டாக்டர்கள் பின்பற்றும் எல்ஐ-ராட்ஸ் வகைப்பாடு இதற்குத்தான். ரிப்போர்ட்டில் எல்ஆர்-3, எல்ஆர்-5 என்று போட்டிருப்பது அதன் படிகள். 3 என்றால் இரண்டும்கெட்டான், 5 என்றால் உறுதி. நல்ல கல்லீரல் உள்ளவருக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கக் கூடாது.

ஹீமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டியையும் இதில் அடையாளம் காணலாம். ஓரத்தில் திட்டுத்திட்டாக வெளுத்து, மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிறையும். தற்செயலாகத் தெரியும் கட்டிகளில் ரொம்பச் சாதாரணமானது, பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ட்ரிபிள் ஃபேஸ் என்ற பெயரில் எல்லோரும் ஒரே மூன்றை எடுப்பதில்லை. மருந்துக்கு முன் ஒன்று, தமனி ஒன்று, போர்ட்டல் ஒன்று என்று எடுத்து மூன்று என்று கணக்குக் காட்டும் இடங்கள் உண்டு. கட்டி கறுப்பது சில சமயம் கடைசி, தாமதப் படத்தில்தான் தெரியும். அதை விட்டுவிட்டால் மூன்று எடுத்தும் பயனில்லை. "டிலேய்டு எடுப்பீங்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று கையில் போடும் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய். மருந்து நொடிக்கு மூன்று நாலு மில்லி வேகத்தில் போக வேண்டும், 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 90 முதல் 120 மில்லி. வார்டில் புறங்கையில் போட்டிருக்கும் நீல நிற ஊசிக்கு அந்த வேகம் தாங்காது. முழங்கை மடிப்பில் ரோஸ் அல்லது பச்சை நிற ஊசி வேண்டும். நீல ஊசியோடு வந்து, "ஏற்கெனவே குத்தித்தான இருக்கு, மறுபடி எதுக்கு?" என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. வேகம் குறைந்தால் தமனிப் படம் சப்பென்று வரும், வந்த வேலையே கெடும்.

நேரத்தைக் கடிகாரம் பார்த்து எடுப்பதா, மருந்தைப் பார்த்து எடுப்பதா என்பதும் முக்கியம். வைகை அணையில் தண்ணீர் திறந்தால் இத்தனை மணிக்கு ஏ.வி. பாலத்தைத் தொடும் என்று கணக்குப் போடுவதை விட, பாலத்தில் ஆளை நிறுத்தி "வந்துருச்சு" என்று சொல்ல வைப்பது நிச்சயம். போலஸ் டிராக்கிங் அந்த ஆள்தான். பெருந்தமனியில் மருந்து வந்து சேர்வதை மெஷின் பார்த்துக்கொண்டே இருந்து, குறிப்பிட்ட அளவு ஏறியதும் பதினைந்து இருபது நொடி விட்டுப் படத்தைத் தொடங்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு மருந்து தாமதமாக வரும், அவர்களுக்குக் கடிகாரக் கணக்கு சரிப்படாது.

கதிர் விஷயம்: வயிற்றுக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 5 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையில் உலகச் சராசரி மனிதருக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது சுமார் 2.4. ஃபேஸ் கூடக் கூட இதுவும் கூடும். தமனி, தாமதப் படங்களைக் கல்லீரல் அளவோடு நிறுத்திக்கொண்டால் கொஞ்சம் குறையும். அறுபது வயதுக்காரருக்குப் புற்றுநோயா இல்லையா என்று தெரிய வேண்டிய இடத்தில் இதை நினைத்துத் தயங்கத் தேவையில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, நல்ல கல்லீரலில் தெரிந்த சின்னப் புள்ளிக்கு இதையே முதலில் எழுதினால் நான் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன்.

## எம்ஆர்ஐ

கதிர் இல்லை. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் சிடியை விட ஒரு படி மேல். கொழுப்பு ஏறிய கல்லீரலில் ஒரு பகுதி மட்டும் வேறு மாதிரித் தெரிந்து கட்டி போலப் பயமுறுத்துவது உண்டு, அதை எம்ஆர்ஐ எளிதில் அவிழ்த்துவிடும். கல்லீரல் செல்களே உறிஞ்சும் காடாக்ஸெட்டேட் மருந்தைப் போட்டு 20 நிமிடம் கழித்து எடுத்தால், கல்லீரல் செல் இல்லாத கட்டி கறுப்பாக எட்டிப் பார்க்கும். குடல் புற்று கல்லீரலுக்குப் பரவி, வெட்டி எடுக்கத் திட்டமிடும்போது எத்தனை கட்டி என்று துல்லியமாக எண்ண இதுதான் வேண்டும். அந்தக் காலத்துக் கதீட்டர் முறையின் வேலையை இப்போது இது செய்கிறது.

ஆனால் எம்ஆர்ஐ எல்லோருக்கும் உசத்தி என்று நினைப்பது தவறு. முப்பது நாற்பது நிமிடம் குழாய்க்குள் படுக்க வேண்டும், சொன்னபோதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்து மூச்சிரைக்கும் சிரோசிஸ் நோயாளியால் முடியாது. படங்கள் கலங்கிப்போகும், பணம் போய்விடும். அவருக்குச் சில நொடியில் முடியும் சிடிதான் உத்தமம். மஞ்சள்காமாலை அதிகமாக இருந்தால் காடாக்ஸெட்டேட் சரியாக ஏறாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தக் கருவியின் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். எம்ஆர்ஐ மருந்துக்கும் கிட்னி கணக்கு உண்டு.

## கொஞ்சம் பொறுத்து மறுபடி அல்ட்ரா சவுண்ட்

யாரும் விற்காத வழி இது, அதனால் யாரும் சொல்வதுமில்லை. சுத்தமான நீர்க்கட்டி என்று அல்ட்ரா சவுண்டிலேயே தெரிந்தால் சிடி தேவையில்லை. காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, குடிப்பழக்கம் என்று நம் பக்கம் அடிக்கடி வரும் அமீபிக் சீழ்க்கட்டிக்கும் பெரும்பாலும் அல்ட்ரா சவுண்டே போதும். அதை வைத்தே ஊசி போட்டுச் சீழ் எடுக்கலாம், குணமாவதையும் பார்க்கலாம். உடைந்துவிட்டதோ என்ற சந்தேகம், மருந்துக்குக் கேட்காதது போன்ற இடங்களில் மட்டும் சிடி. வாயுக்குமிழ் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் அல்ட்ரா சவுண்டும் உண்டு. கிட்னிக்குத் தொல்லையில்லை, ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

| முறை | மெஷினில் இருக்கும் நேரம் | கதிர் | பொருத்தமான ஆள் |
|---|---|---|---|
| ஒரு ஃபேஸ் சிடி | சில நிமிடம் | ஒரு பங்கு | வேறு புற்று பரவியதா என்று பார்ப்பவர், சீழ், அடிபட்டவர் |
| ட்ரிபிள் ஃபேஸ் சிடி | 10 – 15 நிமிடம் | இரண்டு மூன்று பங்கு | சிரோசிஸ், ஹெபடைடிஸ் பி, மூச்சு அடக்க முடியாதவர் |
| எம்ஆர்ஐ | 30 – 45 நிமிடம் | இல்லை | இளவயது, சின்னக் கட்டி, ஆபரேஷனுக்கு முன் எண்ணிக்கை |
| அல்ட்ரா சவுண்ட் | 10 – 15 நிமிடம் | இல்லை | நீர்க்கட்டி, அமீபிக் சீழ், ஆறு மாதக் கண்காணிப்பு |

## ஸ்லைஸ் எண்ணிக்கை

நேரம் பிடித்து எடுத்த 16 ஸ்லைஸ் படம், நேரம் தவறிய 128 ஸ்லைஸ் படத்தை விட மேல். ஸ்லைஸ் கூடினால் வேகம் கூடும், மூச்சு அடக்க முடியாதவருக்கு அது உதவும். இரண்டு வகை எக்ஸ்ரே ஆற்றலில் படம் எடுக்கும் டூயல் எனர்ஜி மெஷினில் அயோடின் எங்கே ஏறியது என்பதை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டலாம், சின்னக் கட்டிக்கு நல்லது. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் கவுன்டிங் சிடி அடுத்த படி. இவற்றைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

## போர்டில் எழுதாத செலவு

விலை கேட்கும்போது மருந்து, ஃபிலிம், சிடி தட்டு எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். கிரியாட்டினின் ரிப்போர்ட் இல்லாமல் ராமநாதபுரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ வெறும் வயிற்றோடு வந்துவிட்டு, ரத்தம் கொடுத்து மத்தியானம் வரை காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உள்ளூர் லேபிலேயே முன்கூட்டி எடுத்து வாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். கிட்னி நன்றாக இருந்தால் நிறுத்தத் தேவையே இருக்காது, டாக்டர் சொல்வார். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். "எனக்கு நண்டு ஒத்துக்காது, அயோடின் ஊசி வேண்டாம்" என்பார்கள், நண்டுக்கும் இந்த மருந்துக்கும் அப்படி ஒரு தனிச் சம்பந்தம் கிடையாது. முன்பு இதே மாதிரி ஸ்கேன் ஊசிக்குத் தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதுதான் முக்கியம். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், ஒன்றுக்கு வருவது போல இருக்கும். அது அலர்ஜி இல்லை, அரை நிமிடத்தில் போய்விடும்.

பெரியாஸ்பத்திரியில் சிடி குறைந்த கட்டணத்தில் உண்டு, கூட்டத்துக்குத் தக்கபடி காத்திருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும், முன் அனுமதி வாங்கித்தான் அதில் காரியம் நடக்கும்.

பணம் செலவழிக்காமல் ஸ்கேனின் தரத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு. சீட்டில் "வயிற்று சிடி" என்று மட்டும் இல்லாமல், சிரோசிஸ் உண்டா, ஹெபடைடிஸ் பி பாசிட்டிவா, ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, முன்பு ஏதாவது சிகிச்சை நடந்ததா என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு இது தெரியாவிட்டால், எல்லாப் பக்கமும் அணைகட்டி எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், முதலில் எடுத்த அதே முறையில் எடுங்கள், கூடுமானவரை அதே சென்டரில். போன தடவை தமனிப் படம், இந்தத் தடவை போர்ட்டல் படம் மட்டும் என்றால், கட்டி வளர்ந்ததா குறைந்ததா என்று அளந்து சொல்ல முடியாது. பழைய சிடி தட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். ஃபிலிமை மட்டும் நம்பி, மத்தியான வெயிலில் காரின் பின் கண்ணாடி ஓரம் போட்டு வைத்துக் கறுக்க விடாதீர்கள், இப்போது வரும் ஃபிலிம்கள் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் ரகம்.